வெள்ளை வேட்டியும் மூச்சுப் பாட்டிலும்

வாருங்கள் என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காற்று அடிக்கிறது. தூரத்தில் இருந்தால் பாதிக் கதைதான் உங்கள் காதுக்கு வரும், மீதி சந்தனக்காட்டுப் பக்கம் போய்விடும். இன்றைக்கு ஒரு வேட்டியின் கதை சொல்கிறேன். வேட்டி வெள்ளை. அதைக் கட்டியிருந்தவன் பெயர் வீரபாண்டி. அந்த வேட்டி மறையூரிலிருந்து கம்பம்மெட்டுக்குக் கறை படாமல் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ராஜா வரமாட்டார், பேய் வராது. ஒரு மோட்டார் சைக்கிள் வரும்.

வீரபாண்டிக்கு மறையூரில் கொஞ்சம் கரும்பும் ஒரு வெல்ல ஆலையும் உண்டு. ஆலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கொட்டகை, கரும்பு பிழிகிற மெஷின், ஆள் படுத்துத் தூங்கலாம் போல ஒரு கொப்பரை, அதற்கு அடியில் அடுப்பு. சாறு காய்ச்சி, அழுக்கு எடுத்து, பாகு பதம் பார்த்து, உருண்டை பிடிப்பான். வயது நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஆளில் குறை இல்லை, வெல்லத்திலும் குறை இல்லை. பயணத்தில்தான் குறை.

முதல் தடவை பெண் பார்க்கப் போனது பஸ்ஸில். இந்த மலை வளைவுகளில் பஸ்ஸோ ஜீப்போ எதில் ஏறினாலும் அவனுக்கு வாந்தி வரும். பெண் வீட்டு வாசலில் இறங்கியதும் முதல் காரியமாக அவர்கள் செம்பருத்திச் செடிக்கு அடியில் போய்க் குனிந்தான். பெண்ணின் அம்மா நல்ல மனுஷி. எலுமிச்சம்பழம் கொடுத்தார். பெண் கொடுக்கவில்லை.

அடுத்த தடவை தன்னுடைய மோட்டார் சைக்கிளில் போனான். தானே ஓட்டினால் வாந்தி வராது. வண்டி நல்ல கனமான வண்டி, கறுப்பு. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கம்பெனிமேல் தப்பில்லை, வண்டிக்கு வயதாகிவிட்டது. மேடு ஏறும்போதெல்லாம் எண்ணெயைத் துளித்துளியாகத் துப்பும். துப்புவது வலது காலில். வேட்டியின் வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே கறுத்துப்போய் அவன் உள்ளே நுழைந்ததும், பெண்ணின் தகப்பனார், "மாப்பிள்ளைக்கு வெல்ல ஆலைன்னுதானே சொன்னாங்க? ஒர்க்‌ஷாப்புன்னு யாரும் சொல்லலியே" என்றார்.

வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போய், இறங்கி மாற்றிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் செய்தான். மூன்றாவது தடவை பேன்ட் போட்டுக்கொண்டு போய், பெண் வீட்டுக்கு முன்னால் ஒரு வளைவில் நிறுத்தி, தேயிலைக்குள் இறங்கி மறைவாக வேட்டி மாற்றினான். தேயிலைக்குள் அட்டை இருக்கும். அட்டை கடிப்பது தெரியாது, அது விழுந்த பிறகு ரத்தம் நிற்காது. பஜ்ஜித் தட்டைக் கையில் வாங்கும்போது வேட்டியில் சிவப்பு இறங்கியது. பெண்ணின் பாட்டி அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனவர், பிறகு வெளியே வரவே இல்லை.

இப்போது நாலாவது. கம்பம்மெட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிற மாரீஸ்வரி. ஸ்டோர் என்றால் கடை இல்லை, பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம். அவளுக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று சொன்னவள் என்று பேச்சு.

வீரபாண்டியின் அக்காள் சாந்தம்மாள் தம்பியை ஆலைக்கே தேடி வந்தாள்.

"இங்க பாருடா. எனக்கும் முட்டி வலிக்குது. ஊர் ஊரா வந்து, உனக்கு முன்னாடி போயி, அவங்க கொடுக்குற காப்பியக் குடிச்சுட்டு, தலையத் தொங்கப் போட்டுட்டு வர்றதுக்கு என்னால ஆகாது. இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா உன் கொப்பரையவே கட்டிக்க."

வீரபாண்டி கொப்பரையைப் பார்த்தான். கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த நாளே வண்டியை டிஜோவிடம் கொண்டுபோனான்.

டிஜோ கோவில்கடவுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மலையாளத்துக்காரன். வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, முதலில் வீரபாண்டியின் காலைப் பார்த்தான், பிறகு எஞ்சினைப் பார்த்தான்.

"சேட்டா, இது ஒழுகல் இல்ல. இது மூச்சு."

"மூச்சுல எண்ணெய் வருமா?"

"வயசான ஆளு இருமினா சளி வராதா? அது மாதிரி."

எனக்குப் புரிந்த மட்டில் உங்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. கீழே இறங்கும்போதெல்லாம் அடி அறையில் உள்ள காற்றை நெரிக்கும். மேலே எரிந்த புகையும் ஓரமாகக் கசிந்து அந்த அறைக்கு வந்து சேரும். அதெல்லாம் வெளியே போவதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். அதுதான் வண்டியின் மூச்சு. இந்த வண்டியில் அந்த மூச்சை ஒரு குழாய் வழியாகக் காற்று வடிகட்டுகிற பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்துபோனதால் மூச்சு பெரிதாகி, எண்ணெய் ஆவியும் கூடவே வந்து, பெட்டி நிறைந்து, வழிந்து, வீரபாண்டியின் காலில் இறங்கியது.

"ரிங் மாத்திட்டா?"

"மாத்தலாம். இந்தப் பழைய மாடலுக்கு ரிங் வரணும். எப்போ கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. பொண்ணு பாக்க. வர்ற ஞாயிறு."

டிஜோ கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டான். "அப்போ மூச்ச வெளிய எடுத்து ஒரு பாட்டில்ல விடலாம். எண்ணெய் பாட்டில்ல தங்கும், காத்து மட்டும் வெளிய போகும். குழப்பமில்ல, ஒரு பிரச்சினையும் வராது."

வீரபாண்டி அதற்கு வேண்டியதைத் தானே கொண்டுவருகிறேன் என்று போய், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சைக் குழாயில் ஒரு துண்டும், மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கும் கொண்டுவந்தான். டிஜோ இரண்டையும் திருப்பிக் கொடுத்தான். பச்சைக் குழாய் சூட்டிலும் எண்ணெயிலும் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடுமாம். தூக்கு ஏன் ஆகாது என்று சொல்லவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். எண்ணெய்க்கென்றே உள்ள கறுப்பு ரப்பர்க் குழாய் அவனிடம் இருந்தது. பாட்டிலுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற அலுமினியத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை எடுத்தான். அவன் மகளுடையது, வாய்ப்பக்கம் நசுங்கி வீட்டில் கிடந்தது. அதன்மேல் பெரிய ஊதாப் பட்டாம்பூச்சி ஒன்று இருந்தது.

"பட்டாம்பூச்சிய அழிச்சுரலாமா?" என்றான் வீரபாண்டி.

"அழிச்சா அலுமினியம் கீறல் விழும். இருக்கட்டும். பொண்ணுகளுக்குப் பிடிக்கும்."

பாட்டிலின் தோளில் ஒரு ஓட்டை போட்டு, அதில் சின்னப் பித்தளைக் குழல் ஒன்றை வைத்து இறுக்கினான். மூடியில் இன்னொரு ஓட்டை போட்டு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன வடிகட்டியைத் திருகினான். பாட்டிலுக்குள்ளே பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் பிரித்து அடைத்தான். எண்ணெய் ஆவி அந்த நாரில் பட்டுப் பட்டுத் துளியாகி அடியில் தங்குமாம், காற்று மட்டும் மேலே வடிகட்டி வழியாகப் போகுமாம். எஞ்சினிலிருந்து வந்த பழைய குழாயைக் கழற்றினான். பெட்டியில் அது செருகியிருந்த ஓட்டைக்கு ரப்பர் அடைப்பான் போட்டான். புதுக் குழாயைச் சைலன்சரைத் தொடாமல், எங்கும் தொய்யாமல், மேல்நோக்கியே கொண்டுபோனான். தொய்ந்தால் எண்ணெய் அந்தப் பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். கடைசியில் இரண்டு முனையிலும் கிளிப் போட்டு முறுக்கி, பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் சட்டத்தோடு சேர்த்துப் பட்டி போட்டுக் கட்டினான். பட்டாம்பூச்சி வெளிப்பக்கம் பார்த்து நின்றது.

"சேட்டா, மேல இருக்கே சின்னது, அதுதான் மூக்கு. அத மூடக் கூடாது. மூடினா மூச்சு வேற வழி தேடும்."

"மூட மாட்டேன்."

"மூடக் கூடாது."

"அதான் மூட மாட்டேன்னு சொல்றேனேய்யா."

அன்று சாயங்காலமே காந்தள்ளூர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தான். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வலது காலில் சுற்றிக் கட்டிக்கொண்டான். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கால் ஒடிந்துவிட்டதா என்று கேட்டார்கள். திரும்பி வந்ததும் சாந்தம்மாள் அந்தத் துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. அவள் அந்தத் துணியைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மடித்து வைத்தாள்.

இங்கேதான் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெல்லம் காய்ச்சுகிறவன் வீட்டில் திறந்த பாத்திரம் என்று ஒன்று இருக்காது. எறும்பு வரும், தேனீ வரும், குளவி வரும். பாகில் ஒரு எறும்புச் சாரை விழுந்தால் அந்தக் கொப்பரையே வீண். அதனால் பானை, குடம், உப்பு ஜாடி, தண்ணீர் டிரம், எதைப் பார்த்தாலும் அவர்கள் கை தானாகப் போய் ஒரு துணியையோ பிளாஸ்டிக் கவரையோ வைத்துச் சுற்றிக் கட்டிவிடும். அது மனதுக்குத் தெரியாமல் கை செய்கிற வேலை. வீரபாண்டி கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வண்டியை ஆலைக்குள் நிறுத்தியபோதும் அவன் கை அப்படித்தான் போனது. வடிகட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் சுற்றி, டயர் ட்யூப் வாரால் இறுக்கிக் கட்டினான். காலையில் எழுந்ததும் டிஜோ சொன்னது ஞாபகம் வந்தது. அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நல்ல பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். சாந்தம்மாளின் புருஷன் பெரியமுத்து ஜீப் ஓட்டினார். பக்கத்தில் சாந்தம்மாள், பின்னால் பூவும் பழமும். வீரபாண்டி ஜீப்புக்குப் பின்னால் வண்டியில். பெண் வீட்டுக்குத் தன் கையால் பிடித்த வெல்லத்தைத் தானே கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கூடை உருண்டையை வண்டியின் பின்சீட்டில் கட்டியிருந்தான்.

தலையாறு தாண்டியதும் குளிர் பிடித்தது. மூணாறில் மூடுபனி. டீக்கடையில் நிறுத்தியதும் சாந்தம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கி நேரே தம்பியின் காலுக்கு வந்தாள். வேட்டி வெள்ளை. பூப்பாறையில் இறங்கிப் பார்த்தாள். வெள்ளை. அங்கே இருந்த டீக்கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டுப் பெரியமுத்துவிடம், "காலுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

"பிரச்சினை இல்லாம இருக்குதான்னு பாக்குறா" என்றார் பெரியமுத்து.

நெடுங்கண்டத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதும் வெள்ளை. சாந்தம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க முன்னாடி போயி உக்காந்துக்கிறோம். நீ நிதானமா வா. வேட்டியப் பாத்து வா" என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

வீரபாண்டி மீதி டீயைக் குடித்துவிட்டு வண்டிக்கு வந்தான். வண்டி நின்றது ஒரு பலாமரத்தடியில். வந்த வழியில் பட்ட வெயிலில் வெல்லம் லேசாக இளகி, கூடையின் இடுக்கு வழியாகப் பாட்டில்மேல் வழிந்திருந்தது. மரத்திலிருந்து எறும்புகள் இறங்கி, ஸ்டாண்டில் ஏறி, பட்டாம்பூச்சியின் ஒரு இறக்கையைக் கடந்து, வடிகட்டியைப் பார்த்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அவன் அவற்றைத் தட்டினான். அவை மறுபடி வந்தன. எஞ்சினுக்குள் எறும்பு போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. பாகுக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரியும். கை சட்டைப்பைக்குள் போனது. கவரை எடுத்துச் சுற்றி, ட்யூப் வாரால் மூன்று சுற்றுச் சுற்றி, ஆலையில் பானைக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டான். போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துவிடலாம், இங்கே இருக்கிற கம்பம்மெட்டுதானே.

கம்பம்மெட்டு ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. வாங்க மட்டும்தான் முடிந்தது. கடைசி வளைவில், பெண் வீட்டின் ஓடு மரங்களுக்கு நடுவே தெரிகிற இடத்தில், 'டப்' என்று ஒரு சத்தம். எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கிற குச்சி ரப்பர் அடைப்போடு தெறித்து மிளகுக்கொடிக்குள் போய் விழுந்தது. அது இருந்த ஓட்டை வழியாகச் சூடான கறுப்பு எண்ணெய் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை அடித்தது. டிஜோ சொன்னது சரி. மூச்சு வேற வழி தேடிக்கொண்டது.

வீரபாண்டி எஞ்சினை அணைத்தான். மிளகுக்கொடிக்குள் தேடிக் குச்சியை எடுத்துத் துடைத்து, திரும்பச் செருகினான். பிறகு வேட்டியைப் பார்த்தான். முன்பு வந்ததெல்லாம் தூறல், இது மழை. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதாம். ஆனால் அக்காள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

மாரீஸ்வரியின் அண்ணன் சதீஷ் வாசலில் நின்றிருந்தான். அம்மா அப்பா இல்லாத வீடு, எல்லாம் அவன்தான். மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதையும், ஒரு கால் வெள்ளையாகவும் மறு கால் கறுப்பாகவும் இருப்பதையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"போட்டோவுல வேட்டி முழுசா வெள்ளையா இருந்துச்சே."

உள்ளே சாந்தம்மாள் தம்பியைப் பார்த்தாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பெரியமுத்து மிக்சரைத் தின்பதை நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார்.

"உக்காருங்க" என்றான் சதீஷ். பிறகு நாற்காலியைப் பார்த்தான். நாற்காலிக்குப் புது உறை. "இல்ல, நின்னுக்கிட்டாலும் சரி."

வீரபாண்டி நின்றான்.

மாரீஸ்வரி டீத் தட்டோடு வந்தாள். கெட்டியான கைகள், முன்கையில் அடுப்புச் சூடு பட்ட பழைய தழும்பு. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"இது என்ன ஆயிலு?"

"எஞ்சின் ஆயில்."

"எங்கேருந்து வந்துச்சு?"

"மாரி, நீ உள்ள போ" என்றான் சதீஷ்.

"இருண்ணே. எங்கேருந்து வந்துச்சுங்க?"

"அளவு பாக்குற குச்சி தெறிச்சிருச்சு."

"அது சும்மா தெறிக்காதே. வண்டி எங்க?"

தட்டைப் பெரியமுத்துவின் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். எல்லாரும் பின்னால் போனார்கள். அவள் வண்டியைச் சுற்றி வந்து, குழாயை விரலால் தொட்டுக்கொண்டே எஞ்சினிலிருந்து பாட்டில்வரை போனாள். பட்டாம்பூச்சியைப் பார்த்தாள். அதன் தலைக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்தாள்.

"இது எதுக்குத் தலைப்பாக்கட்டு?"

"எறும்பு ஏறுச்சு."

"இது காத்து போற வழிதானே? மெக்கானிக்கா கட்டச் சொன்னாரு?"

"மூடக் கூடாதுன்னு சொன்னாரு."

"அப்புறம்?"

"நான் மூடல. கட்டினேன்."

பெரியமுத்துவுக்கு மிக்சர் புரையேறியது. சாந்தம்மாள் அவர் முதுகில் அடித்தாள், தேவைக்கு அதிகமாகவே.

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. "எங்க ஸ்டோர்ல இப்படித்தான். போன சீசன்ல ஒரு புது ஆளு, ராத்திரி குளிருதுன்னு ஈரக்காத்து வெளிய போற ஓட்டைல சாக்க அடைச்சிட்டாரு. காயெல்லாம் ஆவிலயே வெந்துருச்சு. பச்சை நெறமே போயிருச்சு."

"காயி வெந்தா அப்புறம்?" என்றான் வீரபாண்டி. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"அப்புறம் முதலாளி வெந்தாரு."

அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வரவில்லை. ஆலை முடிச்சு அப்படி வராது. வீரபாண்டி குனிந்து ஒரு இழுப்பில் அவிழ்த்தான். அவள் அதைக் கவனித்தாள். பிறகு பாட்டிலைத் திருகித் திறந்தாள். உள்ளே காப்பி நிறத்தில் ஒரு நுரை.

"ஐயோ, டீயா?" என்றாள் சாந்தம்மாள்.

வீரபாண்டி டிஜோவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மூணாறுக் குளிரில் ஈரமும் எண்ணெயும் கலந்தால் அப்படித்தான் நுரைக்கும், பயப்பட வேண்டாம், கொட்டிவிடலாம் என்றான் டிஜோ. பிறகு நடந்ததைக் கேட்டான்.

"ஞான் பறஞ்ஞதல்லே சேட்டா, மூடக் கூடாதுன்னு?"

"அவரு மூடலயாம், கட்டினாராம்" என்றாள் மாரீஸ்வரி போனைப் பார்த்து.

"நீங்க ஆரு?"

"பொண்ணு."

டிஜோ போனை வைத்துவிட்டான்.

எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று குச்சியை எடுத்துப் பார்த்து, சதீஷ் தன் பைக்குக்கு வாங்கி வைத்திருந்ததில் கொஞ்சம் ஊற்றினார்கள். சதீஷ் அதை ஏன் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. தங்கச்சி கேட்டாள், கொடுத்தான். மாரீஸ்வரி ஒரு கந்தலைக் கிழித்துப் பாட்டிலிலிருந்த எண்ணெயில் முக்கி, பாட்டிலைக் கட்டியிருந்த பட்டியிலும் குழாயிலும் ஒரு சுற்றுச் சுற்றினாள். "எறும்பு இதத் தாண்டாது. ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி புகைந்து, இருமி, பிறகு நிதானமாக ஓடியது. அவள் உள்ளங்கையை வடிகட்டிக்கு மேலே வைத்துப் பார்த்தாள். இதமாக, விட்டு விட்டு, காற்று வந்தது.

"இப்போ சரி" என்றாள். பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி எத்தன பொண்ணு பாத்தீங்க?"

"இதுதாம்மா மொதல்..." என்று ஆரம்பித்தாள் சாந்தம்மாள்.

"மூணு" என்றான் வீரபாண்டி.

"ஏன் அமையல?"

அவன் சொன்னான். வாந்தியைச் சொன்னான், செம்பருத்தியைச் சொன்னான், எண்ணெயைச் சொன்னான், அட்டையைச் சொன்னான். சாந்தம்மாள் கண்ணால் காட்டினாள், இருமினாள், கடைசியில் திரும்பி நின்று மலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அட்டை எங்க கடிச்சுச்சு?"

"தொடையில."

"டேய்!" என்றாள் சாந்தம்மாள் மலையைப் பார்த்தபடியே.

மாரீஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாம் எதைக் கேட்டாலும், "அதெல்லாம் ஒரு குறையும் இல்ல" என்றே சொல்லிவிட்டுப் போனார்களாம். குறையைக் கேட்டதும் வரிசையாக எடுத்து வைத்தவன் இவன்தான் என்று பிற்பாடு சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் அதோடு விடவில்லை.

"உங்க வீட்ல ஜன்னல் இருக்கா?"

"நாலு இருக்கு."

"தொறந்திருக்குமா?"

"தேனீ வருமே."

"அப்போ மூடியிருக்கும்."

வீரபாண்டி தலையைச் சொறிந்தான். "சாக்கு... கட்டியிருக்கு."

இந்தத் தடவை சதீஷே சிரித்துவிட்டான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் இத்தன வருசமா டிரையர்ல நெருப்பு போடுறேன். கல்யாணம் பண்ணிட்டுச் சும்மா உக்கார எனக்குத் தெரியாது. உங்க ஆலையில அடுப்பு யாரு பாக்குறது?"

"நான்தான்."

"பாகு?"

"அதுவும் நான்தான். ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்க முடியல. அடுப்பப் பாத்தா பாகு முத்திருது. பாகப் பாத்தா நெருப்பு அமந்துருது." சொல்லிவிட்டு அவள் முன்கைத் தழும்பைப் பார்த்தான். "பதம் நான் பாத்துக்கிறேன். நெருப்ப நீங்க பாத்துக்கங்க."

"நடுவுல வந்து வெறக இழுக்க மாட்டீங்களே?"

அவன் சட்டென்று இல்லை என்று சொல்லவில்லை. "மொத ஒரு வாரம் இழுப்பேன். கை போயிரும். சொன்னா நிறுத்திருவேன்."

மாரீஸ்வரி அண்ணனைப் பார்த்தாள். "நான் மறையூர் போயி அந்த ஜன்னலப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"பொண்ணு போயி மாப்பிள்ளை வீட்டப் பாக்குறதா? நாங்க ஆம்பளைங்க போயிப் பாத்துட்டு வந்து சொல்றோம். அதானே வழக்கம்" என்றான் சதீஷ்.

"நீயாண்ணே அங்க இருக்கப் போற?"

சாந்தம்மாள் மலையிலிருந்து திரும்பி, "வரட்டுமே தம்பி, வெல்லம் காய்ச்சுற நாளா பாத்து வரட்டும்" என்றாள். அன்றைக்கு அவள் சொன்னதிலேயே அதுதான் நல்ல பேச்சு.

சொன்னபடி அவள் வந்தாள். அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வீரபாண்டி எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தெரியவில்லை என்றும் சொல்லலாம். நாலு ஜன்னலிலும் சாக்கு அப்படியே இருந்தது. வீட்டுக்குள் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது.

"இந்த இருட்டுலயா மாப்ள இருக்கீங்க?" என்றான் சதீஷ்.

"பழகிருச்சு."

மாரீஸ்வரி நேரே ஆலைப் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். "ஒரே ஒரு ஜன்னல். என்ன ஆவுதுன்னு பாக்குறேன்" என்று சாக்கை இழுத்துவிட்டாள். வெளிச்சம் வந்தது, காற்று வந்தது, கரும்புச்சாறு கொதிக்கிற வாசனை வந்தது. பின்னாலேயே தேனீக்கள் வந்தன. அவன் சொன்னது பொய்யில்லை. அதில் ஒன்று அவள் மேலுதட்டில் கொட்டியது.

சாந்தம்மாள் போட்ட கூச்சல் பக்கத்துக் கரும்புக்காடுவரை கேட்டது. சதீஷ், "வா மாரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, போகலாம்" என்று பையைத் தூக்கிவிட்டான். வீரபாண்டி ஓடிப்போய்ச் சாற்றில் போடுவதற்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் குழைத்து எடுத்து வந்தான். கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்துவிட்டு, சுண்ணாம்பைத் தடவினான். அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

உதடு இட்லி போல வீங்கிக்கொண்டு வந்தது. அவள் எழுந்து போகவில்லை. மூடிய மூன்று ஜன்னலையும் பார்த்தாள், திறந்த ஒன்றையும் பார்த்தாள், அதன் வழியாகத் தெரிந்த கொப்பரையைப் பார்த்தாள். நெருப்பு அமர்ந்துகொண்டிருந்தது. இவன் இங்கே சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்கிறான். அவள் அவனை விலக்கிவிட்டு ஆலைக்குப் போய், அடுப்பு வாயில் குத்தவைத்து, காய்ந்த கரும்புச்சக்கையை அள்ளி உள்ளே தள்ளினாள். நெருப்பு எழும்பியது. வீரபாண்டி பின்னாலேயே ஓடிவந்து கொப்பரைக்குப் போய்த் துடுப்பைப் பிடித்தான். அடுப்புப் பக்கம் கை நீட்டினான். அவள் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டான்.

பாகு இறங்கியதும் அவள் எழுந்து, "ஜன்னலுக்கு வலை அடிங்க" என்று சொல்லப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. கையால் காட்டினாள். வீரபாண்டி புரிந்துகொண்டு தலையாட்டினான். சாந்தம்மாள் பொறுக்கமாட்டாமல் நடுவில் வந்து, "அப்போ என்னம்மா சொல்ற? ஒரு வார்த்த சொல்லிரு தாயி" என்றாள்.

என் கண்ணுகளா, உதடு எவ்வளவு வீங்கியிருந்தாலும் 'சரி' என்று சொல்ல முடியும். அதற்கு உதடு சேர வேண்டியதில்லை. நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

அவள் சொன்னாள்.

அவ்வளவுதான் கதை. நேரமாகிவிட்டது, பார்த்து நடந்து போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வெளியூர் போனவர்கள் சுகமாக வந்து சேரட்டும். பெண் கேட்டு வருகிறவர்களும் பெண் கொடுத்து அனுப்புகிறவர்களும் உங்கள் வாசலில் சிரித்த முகமாக ஏறி இறங்கட்டும். உங்கள் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் ஒளிக்காமல் பதில் சொல்கிற வீடாக அது இருக்கட்டும். நல்லா இருங்கள், எல்லாரும் நல்லா இருங்கள்.